கடனா? கருணையா?

எம்மிடமே இருந்தால் 100 டாலர். எம்மைவிட்டுப் போவதானால் 25 டாலர்!

ஏலக்காரன் எழுப்பும் குரலன்று இது. தான் விற்ற பண்டம் தீப்பற்றியதற்காக, அதை வாங்கிய மக்களிடம் வருத்தம் தெரிவித்த ஒரு பெருநிறுவனம், 2016-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமெரிக்காவில் வகுத்த ஏற்பாட்டின் சாரம் இது. நிறுவனம், தென்கொரியாவின் சாம்சங். பண்டம், கேலக்சி நோட் 7 என்னும் கைப்பேசி. அதைத் திருப்பிக் கொடுத்து, அதே நிறுவனத்தின் வேறொரு கைப்பேசியை எடுப்போர்க்கு 100 டாலர் வரை கழிவு. பணமாகத் திரும்பப் பெறுவோர்க்கும், பிற நிறுவனத்தின் கைப்பேசியை நாடுவோர்க்கும் 25 டாலர். கொடுத்த விலை இரு சாரார்க்கும் குறையாமல் திரும்பியது. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. அதற்கு மேல் தரப்பட்ட தொகையிலேதான் இந்த ஏற்றத்தாழ்வு.

ஆண்டுகள் பல ஆகிவிட்டனவே, அயல்நாட்டுச் செய்தியாயிற்றே, இதிலே நாம் சிந்திக்க என்ன இருக்கிறது என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, தோழர்களே! அந்தக் கைப்பேசி பழையதாகிவிட்டது. அது எழுப்பிய கேள்வி பழையதாகவில்லை. தீங்கு செய்தவன் அதனைச் சரிசெய்கிறானே, அது அவன் தீர்க்க வேண்டிய கடனா? அல்லது அவன் காட்டும் கருணையா? கடன் என்றால், அதைத் தீர்ப்பதற்கு அவன் நிபந்தனை விதிக்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை காணவே நடந்ததை முதலில் நினைவூட்டுகிறோம்.

நோட் 7, 2016 ஆகஸ்ட் 19-இல் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே, சில கைப்பேசிகள் சூடேறிப் புகைந்து எரிந்தன என்ற செய்தி பரவிற்று. செப்டம்பர் 2-இல் சாம்சங் விற்பனையை நிறுத்தியது. 25 லட்சம் கைப்பேசிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. செப்டம்பர் 15-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அந்நாட்டில் இருந்த 10 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதை முறைப்படி அறிவித்தது. அதற்குள் அங்கு மட்டும் மின்கலம் சூடேறியதாக 92 முறையீடுகள் வந்திருந்தன. அவற்றுள் 26 தீப்புண் பற்றியவை. 55 பொருட்சேதம் பற்றியவை.

மக்கள் மாற்றிக்கொண்டனர். மாற்றாக வந்ததும் எரிந்தது! அக்டோபர் 5-இல், லூயிவில் நகரிலிருந்து பால்டிமோருக்குப் புறப்படவிருந்த விமானத்தில், ஒரு பயணியின் மாற்றுக் கைப்பேசி புகையத் தொடங்கியது. விமானத்திலிருந்தோர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 11-இல் அந்தக் கைப்பேசியை இனி உருவாக்குவதே இல்லை என்று நிறுவனம் முடிவு செய்தது. அக்டோபர் 13-இல், மாற்றாகத் தரப்பட்டவற்றையும் சேர்த்து அமெரிக்காவில் 19 லட்சம் கைப்பேசிகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள், அதனை விமானத்தில் கையிலும் கொண்டுசெல்லக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தடை விதித்தது.

இந்நிலையில் வாங்கியவர் பாடு என்ன? ஏறத்தாழ 850 டாலர் கொடுத்து வாங்கினார். மாற்றிக்கொள்ளச் சொன்னபோது மாற்றிக்கொண்டார். தொடர்பு எண்களையும், படங்களையும், மடல்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்து அடுக்கினார். அடுக்கி முடிக்குமுன் மீண்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். தம் பழைய கைப்பேசியைக் கடையில் ஒப்படைத்து, அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொண்டவர் நிலை இன்னும் இடர் மிக்கது. புதியது போயிற்று, பழையதும் கையில் இல்லை. பணம் திரும்பும்; ஆனால், நன்றாக உழைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கருவி திரும்புமா? இத்தனை தொல்லைக்கும் ஈடாகத்தான் அந்த 100 டாலரும், அந்த 25 டாலரும் நீட்டப்பட்டன.

இங்கே எம் வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல விழைகிறோம். ஒரு மாணவன் கை தவறித் தண்ணீரைக் கொட்டிவிட்டான். பக்கத்தில் இருந்தவனின் அறிவியல் நோட்டு நனைந்து, எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. கொட்டியவன் கெட்டவனல்லன். உடனே சொன்னான்: “புது நோட்டு வாங்கித் தருகிறேன். நீ எங்கள் அணியில் விளையாட வந்தால், அழிந்த பக்கங்களை எல்லாம் நானே எழுதியும் தருகிறேன்.” நனைந்த நோட்டுக்கு உரியவன் நன்றாகப் பந்து வீசுபவன், எதிரணிக்காரன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிறுவனின் தாராள மனத்தைப் பாராட்டவே நாம் வாய் திறந்தோம். நோட்டுக்கு நோட்டு தருகிறான். அதற்கு மேலும் தருவதாகச் சொல்கிறானே என்றுதான் எமக்குத் தோன்றிற்று. அதற்குள் பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “இவன் எந்த அணியில் ஆடினாலும் நனைந்த பக்கம் அதே பக்கம்தானே?”

வகுப்பு அமைதியாயிற்று. நாமும் அமைதியானோம். பட்டம் பெற்று வந்த எமக்குப் படாத உண்மை அந்தச் சிறுமிக்குப் பட்டது.

அவள் கேள்வியை அப்படியே அந்தப் பெருநிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் பட்ட தொல்லை, அவர் அடுத்து எந்த நிறுவனத்தின் கைப்பேசியை வாங்குகிறார் என்பதைப் பொறுத்து மாறுமா? அவர் இழந்த நேரம் மாறுமா? படுக்கையருகே வைத்த பொருள் பற்றி எரியுமோ என்று அவர் அஞ்சிய அச்சம் மாறுமா? மாறாது. அப்படியானால், அந்தத் தொல்லைக்கு ஈடு 100 டாலர் என்றால், பிரிந்து போனவருக்கு 75 டாலர் குறைத்துத் தரப்பட்டது. ஈடு 25 டாலர்தான் என்றால், தங்கியவருக்குத் தந்த எஞ்சிய 75 டாலர் தொல்லைக்கான ஈடன்று. வேறு எதற்கோ கொடுத்த விலை. எதற்கு? அவர் போகாமல் இருப்பதற்கு! இவ்விரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும், முழுத் தொகையையும் வருத்தத்தின் அடையாளம் என்று சொல்ல வழியில்லை. ஒரு கையால் மன்னிப்புக் கேட்டு, மறு கையால் தூண்டில் போட்டதாகவே முடியும்.

தென்கொரியாவில் இந்தத் தூண்டில் இன்னும் நீளமாக இருந்தது. அங்கே திருப்பிக் கொடுத்தோர்க்கு 30,000 வோன். அந்த நிறுவனத்தின் கைப்பேசியையே மீண்டும் எடுத்தோர்க்கு மேலும் 70,000 வோன். அக்டோபர் 24-இல் மற்றொரு திட்டமும் வந்தது. நோட் 7-ஐக் கொடுத்துவிட்டு, அந்நிறுவனத்தின் எஸ் 7 வகையை 24 மாதத் தவணையில் எடுக்க வேண்டும். அதன் விலையில் பாதியைக் கட்டிய பின், அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வரவிருக்கும் புதிய கைப்பேசிக்கு மாறலாம்; எஞ்சிய பாதித் தவணை தள்ளுபடி. கேட்பதற்கு இனிக்கிறது. கூர்ந்து நோக்கினால் என்ன தெரிகிறது? எஸ் 7, அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்த முந்திய வகை. நோட் 7-ஐ விரும்பி வாங்கியவர் அதிலிருந்த எழுதுகோலை இழந்து அதற்கு இறங்க வேண்டும். ஓராண்டு பொறுக்க வேண்டும். பிறகு மூன்றாவது கைப்பேசியையும் அதே நிறுவனத்திடம் வாங்க வேண்டும். அப்போதுதான் நன்மை கைக்கு வரும். நேற்று நேர்ந்த தீங்குக்கு ஈடு, நாளை வாங்கப்போகும் பண்டத்தின் வயிற்றில் வைத்துக் கட்டப்பட்டது. பொறுமையிழந்த வாடிக்கையாளர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தலைக்கு 5 லட்சம் வோன் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் சென்றனர் என்றால், அதில் வியப்பென்ன? 2017-இல் சியோல் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைப்பதே பகுத்தறிவாளர்க்கு அழகு. அவர்கள் சொல்வார்கள்: “நிறுவனம் ஓடி ஒளியவில்லை. விற்ற பண்டத்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இதனால் நேரும் இழப்பு 500 கோடி டாலருக்கு மேல் என்று அதுவே மதிப்பிட்டது. விலையை முழுமையாகத் தந்துவிட்டது. கடன் அத்துடன் தீர்ந்தது. அதற்கு மேல் தருவது கொடை. கொடுப்பவன் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அவன் விருப்பம். நீதிமன்றமே மேற்கொண்டு எதையும் தரச் சொல்லவில்லையே!”

வலிவுள்ள வாதம்தான். ஆனால் இதற்கு அடிப்படை ஒரே ஒரு கருத்து: விலையைத் தந்தால் கடன் தீர்ந்தது என்பது. அது சரியா? நாம் கடையிலே விலை கொடுத்துப் பெறுவது பொருளை மட்டும்தானா? இது நம்மைச் சுடாது என்ற உறுதியையும் சேர்த்தல்லவா பெறுகிறோம்! மின்கலத்துக்குள் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே மெல்லிய திரை இருப்பதும், அது கிழிந்தால் தீ மூளும் என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது. திறந்து பார்க்கவும் முடியாது. செய்தவன் சொல்லை நம்பியே வாங்குகிறார். அந்த நம்பிக்கை பொய்த்தபின், விலையை மட்டும் கையில் வைத்து, கணக்குத் தீர்ந்தது என்பது பாதிக் கணக்கு. எஞ்சிய பாதி, அவர் பட்ட அலைச்சலும் அச்சமும். அதனைச் சட்டம் கேட்காமல் விடலாம். அறம் கேட்காமல் விடாது. சட்டம் தளம், அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதற்காக அமைந்தது. அதுவே கூரை என்று யார் சொன்னது?

மேலும், கொடை என்பது எப்போது கொடையாகும்? பெறுபவன் மறுத்துவிட்டுப் போகும் நிலையில் இருக்கும்போது. இங்கே பெறுபவன் நிலை என்ன? கையிலிருந்த கருவி பறிபோயிற்று. நாளையே ஒரு கைப்பேசி வேண்டும். அலுவலும், வங்கிக் கணக்கும், உறவும் அதற்குள்ளே அடைபட்டுக் கிடக்கும் காலம் இது. அந்த நெருக்கடியை உண்டாக்கியவனே, அந்த நெருக்கடியில் நின்று பேரம் பேசுகிறான். பள்ளத்தை வெட்டியவன், விழுந்தவனிடம், “ஏணி வேண்டுமா? என் தோட்டத்திலேயே வேலை செய்வதாகச் சொல்” என்பது போன்றது அது. ஏணி உண்மையான ஏணிதான். ஏறி வரவும் முடியும். ஆனால் அதற்குப் பெயர் கருணையன்று.

1962 மார்ச் 15-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோரின் உரிமைகள் நான்கினை எடுத்துரைத்தார். பாதுகாப்புப் பெறும் உரிமை, தகவல் அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, குறையைச் சொல்லிக் கேட்கச் செய்யும் உரிமை. அவற்றை இந்த நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். பாதுகாப்பு, தீயிலே போயிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு 75 டாலர் விலை வைக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமையோ காத்துக்கிடந்தது. தீ ஏன் மூண்டது என்பதை நிறுவனம் முழுமையாக வெளியிட்டது 2017 சனவரி 23-இல். ஏறத்தாழ 700 ஆய்வாளர்கள், 2 லட்சம் கைப்பேசிகளையும் 30,000 மின்கலங்களையும் சோதித்தனர். ஒரு நிறுவனம் தந்த மின்கலத்தில், எதிர்முனைத் தகட்டின் மேல்மூலை மடிந்திருந்தது. மாற்றுக் கைப்பேசிகளில் இருந்த மற்றொரு நிறுவனத்தின் மின்கலத்தில், நேர்முனையைப் பற்றவைத்த இடத்தில் இருந்த பிசிறுகள் இடைத்திரையைக் குத்தின. சிலவற்றில் காப்பு நாடாவே இல்லை. ஆய்ந்து கண்டதையும், கண்டதை மறைக்காமல் சொன்னதையும் நாம் பாராட்டுகிறோம். ஆனால், காலத்தைக் கவனியுங்கள். காரணம் விளங்கியது சனவரியில். எம்மிடமே மீண்டும் வாங்குங்கள் என்று கேட்டது அக்டோபரில்! ஏன் எரிந்தது என்று சொல்லுமுன்பே, எரியாது என்று நம்பி மீண்டும் வரச் சொல்வதற்கு என்ன பெயர்? அறிவு வருமுன் வந்துநிற்கும் நம்பிக்கையை நாம் வேறிடங்களில் என்ன பெயரிட்டு அழைக்கிறோமோ, அதே பெயர்தான் இதற்கும்.

அந்த நம்பிக்கை வாங்குவோரிடமும் இருந்ததை நாம் ஒளிக்கவில்லை. எரியும் என்று அறிந்த பின்னும் நோட் 7-ஐத் திருப்பித் தர மனமின்றி வைத்துக்கொண்டோர் இருந்தனர். 2016 டிசம்பர் 9-இல், அமெரிக்காவில் 93 விழுக்காட்டுக்கு மேல் திரும்பிவிட்டதாக அறிவித்த நிறுவனம், எஞ்சியவற்றில் மின்னேற்றமே நடவாதபடி செய்யப்போவதாகவும் அறிவிக்க நேர்ந்தது. தன் பொருள், தன் விருப்பம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் பேருந்திலும், அடுக்கு வீட்டிலும் பக்கத்தில் இருப்பவர் அந்த ஆபத்துக்கு ஒப்புதல் தரவில்லையே! உரிமை பேசுவோர் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். முத்திரையின் மேல் கொண்ட பற்று, கண்ணெதிரே கண்ட தீயையும் மறக்கச் செய்யுமானால், அந்தப் பற்றைத் துண்டிக்கும் வேலை நம்முடையது, நிறுவனத்தின் வேலையன்று.

நோட் 7 நம் நாட்டில் முன்பதிவோடு நின்றது, விற்பனைக்கு வரவில்லை. ஆயினும், “பழையதைக் கொடு, புதியதை எடு” என்ற அழைப்பு நம் கடைத்தெருவெங்கும் ஒலிக்கிறது. நாளை ஒரு பண்டம் பழுதெனத் திரும்பப் பெறப்பட்டால், நம்மிடமும் இதே பேரம் பேசப்படலாம். அன்று கைகொடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆபத்தான பண்டங்களைத் திரும்பப் பெறவும், வாங்கியோர்க்கு விலையைத் திருப்பித் தரவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிடலாம். பழுதான பண்டத்தால் நேர்ந்த தீங்குக்குச் செய்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. விலையைத் திரும்பப் பெறுவது சலுகையன்று, உரிமை என்பதை இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ளோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உரிமையைக் கேட்டவனுக்குச் சலுகையைக் காட்டி வாயடைப்பது ஆதிக்கத்தின் நெடுநாள் பழக்கம். அரசியலில் அதனை அடையாளம் காணக் கற்றவர்கள், அங்காடியில் மட்டும் ஏமாறலாமா?

ஆகவே, ஈடு என்று எவர் எதை நீட்டினாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இழப்பு ஒன்றானால் ஈடும் ஒன்றா? இதைப் பெற நாளை நாம் எதற்கேனும் கட்டுப்பட வேண்டுமா? தவறு எதனால் நேர்ந்தது என்று சொல்லப்பட்டுவிட்டதா? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால், நன்றியோடு பெற்றுக்கொள்வோம். விரும்பினால் அவரிடமே மீண்டும் வாங்குவோம். மீண்டும் வாங்குவது குற்றமன்று. வாங்கினால்தான் நீதி என்பதே குற்றம். பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். பேணுவதற்கு அவர் நிபந்தனை எதையும் சேர்க்கவில்லை.

அந்த வகுப்பறைக் கதையை முடித்துவிடுகிறோம். தண்ணீர் கொட்டிய சிறுவன் அன்று மாலை வரை யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் புது நோட்டோடு வந்தான். அழிந்த பக்கங்கள் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருந்தன, படங்கள்கூட வரையப்பட்டிருந்தன. பெற்றுக்கொண்டவன், அன்று மாலை விளையாட்டில், வழக்கம்போல் எதிரணியில் நின்று பந்து வீசினான்.